அம்மாவுக்கு எந்தச் செக்கப்?

ரொறன்ரோவில் இருந்து அண்ணா ஒரு ஞாயிறு இரவு அழைப்பு எடுத்தார். அவருக்கு அப்போது காலை. "தங்கச்சி, அம்மாவுக்கு ஒரு ஃபுல் பொடி செக்கப் செய்விப்பம். காசைப் பற்றி நீ யோசிக்காதை, நான் போடுறன். இஞ்ச எல்லாரும் செய்யினம்" என்றார். பேசி முடிவதற்குள் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. கொழும்பில் உள்ள ஒரு தனியார் நிலையத்தின் விளம்பரம். பொன் நிற எழுத்தில் முப்பது நாற்பது பரிசோதனைகளின் பெயர்கள். கடைசியில் 'புற்றுநோய் அடையாளங்கள்' என்ற தலைப்பின் கீழ் சீ.ஈ.ஏ., சீ.ஏ.125, சீ.ஏ.19-9, ஏ.எஃப்.பி. வயிற்று ஸ்கான் இலவசமாம். இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் முழு உடம்புக்கும் சீ.ரீ. ஸ்கான்.

அம்மா பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டுமில்லை. உந்தக் காசுக்குக் கிணத்தைக் கலக்கி இறைக்கலாம்" என்றார்.

நாங்கள் இருப்பது ஒட்டுசுட்டான் பக்கம். அம்மாவுக்கு 67 வயது. இன்றைக்கும் விடிய எழும்பிக் கத்தரிக்கும் பயிற்றைக்கும் தண்ணீர் மாறுகிற ஆள். இருபது வயதில் தொடங்கிய வெற்றிலை வாயை விட்டுப் போகவில்லை. முழங்கால் நோவுக்குப் பார்மசியில் வைத்தியர் எழுதும் துண்டு இல்லாமலே குளிசை வாங்கிப் போடுவார். பிரஷர் கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டால், "தம்பி பிறக்கேக்க" என்பார். தம்பிக்கு இப்போது 33 வயது.

நான் வைத்தியர் இல்லை, உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். ஆய்வுக் கட்டுரைகளைத் தட்டுத்தடுமாறியாவது வாசிக்க முடியும். அண்ணாவுக்குப் பதில் சொல்லுவதற்காக இரண்டு கிழமை இருந்து வாசித்தேன். வெளிநாட்டுச் சொந்தம் காசு அனுப்பும் வீடுகள் வன்னியில் நிறைய. இதே கேள்வி உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கொழும்புப் பொதி ஒன்று. 'ஒரே இரத்தத்தில் ஐம்பது புற்றுநோய்' என்று அண்ணா எங்கோ கேள்விப்பட்ட அமெரிக்கப் பரிசோதனை இன்னொன்று. வருத்தம் வந்தால் பார்ப்போம் என்று சும்மா இருப்பது அம்மாவின் வழி. நாலாவது, பக்கத்து அரசாங்க வைத்தியசாலையும் கிளினிக்கும்.

பொதியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பார்த்தவுடன் ஆசை வருவது அதில்தான். அந்தப் பட்டியலில் சீனியும் கொலஸ்ட்ரோலும் கிட்னியைக் காட்டும் கிரியற்றினினும் இருக்கின்றன. அவற்றில் எனக்குக் குறை இல்லை, இங்கேயே பார்க்கலாம் என்பதைத் தவிர. என் சண்டை 'அடையாளங்கள்' என்ற அந்தக் கடைசி வரிசையோடு. புற்றுநோய்க் கலங்கள் இரத்தத்தில் விடும் சில புரதங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் சாதாரணக் கலங்களும் அதே புரதங்களை விடுகின்றன. புகை பிடிப்பவருக்கு சீ.ஈ.ஏ. கூடி நிற்கும். பித்தக் குழாயில் கல் அடைத்தால் சீ.ஏ.19-9 எகிறும். ஈரல் அழற்சியில் ஏ.எஃப்.பி. உயரும். கருப்பையில் சாதாரண நார்க்கட்டி இருந்தாலும் சீ.ஏ.125 கூடலாம். ஏற்கெனவே புற்றுநோய் என்று தெரிந்தவருக்கு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்பி வருகிறதா என்று பார்ப்பதற்கு இவை நல்ல கருவிகள். சுகமாக இருக்கும் ஆளில் தேடிப் பார்ப்பதற்கு அல்ல.

இதைச் சும்மா சொல்லவில்லை. சீ.ஏ.125ஐ வைத்துச் சூலகப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க முடியுமா என்று பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். 2001 முதல் 2005 வரை ஆட்களைச் சேர்த்தார்கள், இறுதி முடிவு 2021இல் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் இரத்தம் எடுத்த பெண்களில் ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டவர்கள் கூடினார்கள். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. நான் இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு முற்றத்தில் கொஞ்ச நேரம் நடந்தேன். முன்னரே பிடித்தால் பிழைக்கலாம் என்றுதானே இவ்வளவு காலமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 78,216 பெண்களில் செய்த இன்னோர் ஆய்வும் மரணம் குறையவில்லை என்றே 2011இல் சொன்னது. அதோடு ஒரு கணக்கும் தந்தது. புற்றுநோய் இல்லாமலே 'இருக்கிறது போல' என்று விடை வந்த பெண்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. 163 பேருக்கு அதனால் கடுமையான பக்க விளைவு. வருத்தம் இல்லாதவர்கள், செக்கப்புக்குப் போய் வருத்தக்காரர் ஆனார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். மகன் பிரான்சில். இதே மாதிரிப் பொதி ஒன்று செய்தார். சீ.ஈ.ஏ. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதற்குப் பிறகு மாங்குளம் சந்தியில் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு மூன்று தடவை. மேலாலும் கீழாலும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. திரும்ப எடுத்த இரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது. அடைவு வைத்த சங்கிலியை மீட்டுவிட்டார்கள், ஆனால் மாமி இப்போதும் வயிறு இரைந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கிறார்.

சீ.ரீ. ஸ்கானுக்கு வருவோம். கதிர்வீச்சு பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். வயிறு, இடுப்புக்கு மட்டும் எடுத்தாலே ஒரு நெஞ்சு எக்ஸ்றேயின் ஏறக்குறைய நூறு மடங்கு என்பது உண்மை. ஆனால் 67 வயதில் அது எனக்குப் பெரிய கவலை இல்லை, அதன் கெடுதி தெரிய இன்னும் பல ஆண்டுகள் எடுக்கும். என் கவலை இரண்டு. ஒன்று, தெளிவாகத் தெரிவதற்காக இரத்த நாளத்தில் ஏற்றும் சாயம். கிட்னி மிகவும் நலிந்தவர்களுக்கு அது கெடுதி செய்யலாம். அம்மாவின் கிட்னி எப்படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறேன். மற்றது, தேடினால் எதுவோ ஒன்று கிடைக்கும் என்பது. வயதான உடம்பில் ஈரலில் ஒரு நீர்க்கட்டி, சுவாசப்பையில் ஒரு பொட்டு, தைரொயிட்டில் ஒரு முடிச்சு இல்லாதவர் குறைவு.

தென் கொரியாவின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1999இல் அங்கே தேசிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைரொயிட் அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் 'இதையும் சேர்த்துப் பாருங்கள், சின்னச் செலவுதான்' என்று வைத்தியசாலைகள் கழுத்து ஸ்கானையும் கூட்டின. 2011இல் தைரொயிட் புற்றுநோய் என்று கண்டவர்களின் வீதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறந்தவர்களின் அளவோ முன்பு இருந்ததேதான். கண்டுபிடிக்கப்பட்ட எல்லோருக்கும் கிட்டத்தட்ட வெட்டு நடந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்கக் குளிசை. 11 வீதம் பேருக்குக் கல்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி கெட்டது, 2 வீதம் பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது.

இது எப்படி என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்குக் குளக்கட்டுத்தான் உதவியது. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்த மனுசி, கட்டைப் பற்றி எனக்கு மேல் தெரியும். மாரியில் கட்டைச் சுற்றி வந்தால் பத்து இடத்தில் ஈரம் கசியும். அதிகமானவை அப்படியே இருந்து கோடைக்குக் காய்ந்துபோகும். ஒன்றிரண்டு மெல்ல மெல்லப் பெருக்கும், அவற்றை நேரத்தோடு கண்டு மண் மூட்டை வைத்தால் கட்டு தப்பும். இன்னும் சில, நேற்றுப் பார்த்தபோது ஒன்றுமில்லை, இன்று விடியக் கட்டைக் கொண்டுபோய்விடும். பரிசோதனையால் பயன் கிடைப்பது இரண்டாவது வகைக்கு மட்டும். முதலாவதைக் கிண்டினால் நாங்களே ஓட்டை போடுகிறோம். மூன்றாவதை எவ்வளவு சுற்றி வந்தாலும் பிடிக்க முடியாது. "அப்ப எது எதெண்டு பார்த்தவுடன தெரியாதோ?" என்று அம்மா கேட்டார். தெரியாது. அதனால்தான் இலட்சக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து, மரணம் குறைகிறதா என்று எண்ண வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் பரிசோதனையின் பெயர் கலேரி. இறக்கும் கலங்கள் இரத்தத்தில் விடும் மரபணுத் துணுக்குகளில், புற்றுநோய்க்கு உரிய இரசாயன முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அறிவியலாக அருமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். விலை 949 அமெரிக்க டொலர். நான்காம் கட்டப் புற்றுநோயில் நூறுக்குத் தொண்ணூறைப் பிடிக்கிறது. முதலாம் கட்டத்தில், அதாவது நாங்கள் பிடிக்க விரும்பும் கட்டத்தில், நூறுக்குப் பதினேழு. 6,621 பேரில் செய்த பாத்ஃபைண்டர் என்ற ஆய்வில் 92 பேருக்கு 'சைகை உண்டு' என்று விடை வந்தது. தேடிப் பார்த்ததில் 35 பேருக்கே புற்றுநோய். மீதி 57 பேரும் இல்லாத ஒன்றைத் தேடி ஸ்கானுக்கு அலைந்தார்கள். அங்கே அலைவது என்றால் காரில் அரை மணி நேரம். எங்களுக்கு, உடம்பில் புற்றுநோய் எங்கே என்று தேடும் பெற் (PET) ஸ்கானுக்குக் கொழும்புப் பக்கம் போகவேண்டும். முற்றிய கட்டத்தில் பிடிபடும் புற்றுநோய்கள் குறைகின்றனவா என்ற கேள்விக்காக இங்கிலாந்தில் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேரை 2021 முதல் சேர்த்தார்கள். இப்போதைக்கு அம்மாவுக்கு வேண்டாம் என்று அண்ணாவுக்குச் சொன்னேன். 'உடம்பின் உண்மையான வயதை' இரத்தத்தில் கணிப்பது என்று இன்னொன்றும் அனுப்பியிருந்தார். அம்மாவின் வயது அடையாள அட்டையிலேயே இருக்கிறது.

அப்படியென்றால் அம்மா சொல்வதுபோல் சும்மா இருக்கலாமா? இதை ஒரு விசர்க் கதை என்று தள்ளிவிடப் பார்த்தேன், முடியவில்லை. முதுமையில் பரிசோதனைகளின் கணக்கு மாறுகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வு, மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்றே செய்யும் ஆயிரம் பெண்களில் ஒருவரின் மரணத்தைத் தடுக்க ஏறக்குறைய 10 ஆண்டுகள் எடுக்கும் என்று கணக்கிட்டது. குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலைச்சலும் பயமும் வெட்டும் இன்றைக்கு, இலாபம் பத்து ஆண்டு கழித்து. 85 வயதுப் பாட்டியைப் பிடித்து மார்பை நசித்துப் படம் எடுப்பதில் அர்த்தம் இல்லை. அந்த வயதில் சும்மா இருப்பது சோம்பல் அல்ல, புத்தி.

ஆனால் பிரஷரின் கணக்கு வேறு. 2008இல் வெளிவந்த ஹைவெற் என்ற ஆய்வில் சேர்ந்த 3,845 பேரும் 80 வயதைத் தாண்டியவர்கள். பிரஷர் குளிசை கொடுத்ததில் மொத்த மரணம் 21 வீதம் குறைந்தது, பாரிசவாதம் 30 வீதம். இதற்கு எடுத்தது பத்து ஆண்டு அல்ல, ஏறக்குறைய இரண்டு ஆண்டு. அதற்குள்ளேயே பலன் தெரிந்து ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். ஆக, வயது போனவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை என்பது புற்றுநோய்த் தேடலில் பாதி சரி, பிரஷரில் முழுப் பிழை. அம்மாவுக்கு இந்த இடம்தான் உறைத்தது. பாரிசவாதத்தில் படுத்த பெரியம்மாவை நான்கு ஆண்டு திருப்பிப் போட்டுத் துடைத்தவர் அவர்.

நாலாவது வழி. எச்.எல்.சி. என்று எல்லாரும் சொல்லும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011 முதல் நாடு முழுக்கத் தொடங்கப்பட்டவை. 35 வயதைத் தாண்டியவர்கள் போகலாம், காசு இல்லை. நிறை, உயரம், பிரஷர், சீனி பார்ப்பார்கள், வாயையும் திறந்து பார்ப்பார்கள். விளம்பரத்தில் பொன் எழுத்தில் வராத அந்தக் கடைசி விசயத்துக்காகவே நான் இந்த வழிக்கு முதல் புள்ளி போட்டேன்.

இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பெண்களில் அவ்வளவு இல்லை, ஆனால் அம்மாவைப்போல் நாற்பது ஐம்பது ஆண்டு வெற்றிலை போட்ட பெண்ணை அந்தச் சராசரிக்குள் வைக்க முடியாது. "நான் போயிலை போடுறேல்லை" என்று அம்மா வாதாடுவார். பாக்கே போதும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத வெற்றிலையையும், தனிப் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்தது. வாயின் நல்ல குணம், அது காட்டிக்கொடுக்கும். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம், ஆறாத புண், வாய் முன்போல் திறக்காமை. இவை புற்றுநோய்க்கு முன்பே வந்துவிடும். பார்ப்பதற்கு ஒரு ரோர்ச் லைற்றும் பழகிய கண்ணும் போதும். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதார ஊழியர்கள்தான் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 வீதம் குறைவு. பழக்கம் இல்லாதவர்களில் பயன் தெரியவில்லை. யாருக்குத் தேவையோ அவரைப் பார்ப்பது என்பது இதுதான்.

மார்பகத்துக்கும் இப்படி ஒரு கை வேலை இருக்கிறது. மும்பையில் 1998 முதல் ஒன்றரை இலட்சம் பெண்களை இரு பகுதியாக்கினார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்கள் கையால் தடவிப் பார்த்தார்கள், மமோகிராம் இல்லை. 20 ஆண்டு பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்டார்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மரணம் ஏறக்குறைய 30 வீதம் குறைவு, அதற்கு இளையவர்களில் குறையவில்லை. மமோகிராம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்காகக் காத்திருந்து கையையும் விடுவது மடத்தனம்.

கருப்பைக் கழுத்து விசயத்தில் எங்கள் அம்மாமாரின் கதை வேறு. நாட்டில் பெண்களைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குகள் தொடங்கியது 1996இல். அந்த ஆண்டு கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து மர நிழலில் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தது. கருப்பைக் கழுத்துக் கலங்களை எடுத்துப் பார்க்கும் பப் பரிசோதனைக்கு 35 வயதில் அழைக்க வேண்டியவர்கள், அழைக்க ஆளில்லாத காலத்தில் அந்த வயதைக் கடந்தார்கள். இன்று 55, 60, 65இல் இருக்கும் வன்னிப் பெண்களில் எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அந்தப் பரிசோதனை நடக்கவில்லை. மகாராஷ்டிராவில் 1,31,746 பெண்களில் செய்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரசுக்கு வாழ்நாளில் ஒரேயொரு பரிசோதனை, அதன்பின் தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் மரணம் ஏறக்குறையப் பாதி ஆனது. அதில் 30 முதல் 59 வயது வரையானவர்களே இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை. 65க்குப் பிறகு நிறுத்தலாம் என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்கின்றன, ஆனால் அது முன்பே ஒழுங்காகச் செய்தவர்களுக்கு. ஒருதரமும் செய்யாதவர் கேட்டுச் செய்துகொள்ளலாம் என்பதே என் முடிவு. கிளினிக்கில் அம்மாவின் வயதைப் பார்த்துவிட்டு யோசித்தார்கள், நான் நின்று கேட்டேன், எச்.பி.வி.க்கு எடுத்தார்கள். என் வகுப்புப் பெண்பிள்ளைகள் ஆறாம் ஆண்டிலேயே எச்.பி.வி. ஊசி போட்டவர்கள், 2017 முதல் பாடசாலைகளில் கொடுக்கிறார்கள். அவர்களின் காலத்தில் இந்தப் பந்தி தேவைப்படாது.

இனிக் கிட்னி. வன்னியில் இருந்துகொண்டு ஏ, பி, சி என்று புற்றுநோய்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது கிணற்றடியில் நின்று கடலைப் பற்றிக் கதைப்பது மாதிரி. காரணம் முடிவாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், 1990களில் வடமத்திய மாகாணத்தில் பதவியா, மதவாச்சிப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டது. வவுனியா அதன் ஒட்டு மாவட்டம், அங்கேயும் அதுவே. தண்ணியின் கடினமும் புளோரைட்டும், விவசாய இரசாயனம், வெயிலில் தண்ணி குடிக்காமல் வேலை என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. கமக்காரரைப் பிடிக்கிறது, சத்தம் போடாமல் பிடிக்கிறது. கால் வீங்கிச் சாப்பாடு பிடிக்காமல் போகும்போது கிட்னியில் பெரும்பங்கு போயிருக்கும்.

இதற்குக் கிரியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் புரதம் பார்ப்பதும் போதும். இரண்டு எச்சரிக்கை உண்டு. வயதான, மெலிந்த பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியற்றினின் குறைவாகவே ஊறும். ரிப்போர்ட்டில் 'சாதாரணம்' என்று இருக்கும், கிட்னி சாதாரணமாக இராது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கிட்னி வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டுத் தரச் சொல்லவேண்டும். அடுத்தது, எங்கள் பக்கத்து நோயில் தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் போகாது. ஆகவே சிறுநீர் நல்லது என்றால் எல்லாம் நல்லது அல்ல. அந்த வேகம் 60க்குக் கீழே மூன்று மாதம் நின்றால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள். வயதோடு அது தானாகவும் இறங்குவதால், ஒரு தரம் பார்த்துவிட்டுப் பயப்படவும் கூடாது.

சரி, இந்த வழியில் குறையே இல்லையா என்றால், எழுதினால் இன்னொரு கட்டுரை வரும். நாங்கள் முதல் நாள் போன இடத்தில் சீனி பார்க்கும் பட்டி முடிந்துவிட்டது என்று அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். பிரஷர் குளிசை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது வெளியில் வாங்க வேண்டி வருகிறது. எச்.பி.வி. விடை எப்போது வரும் என்று கேட்டால், "வரும் அம்மா" என்பதுதான் பதில். பெண்களுக்கு மறைப்பு என்று ஒரு துணித் திரை, அதில் பாதி வளையம் இல்லை. வாயில் சந்தேகம் என்றால் யாழ்ப்பாணம், பிறகு தேவைப்பட்டால் தெல்லிப்பழை, போய் வர இருநூறு கிலோமீற்றருக்கு மேல். தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்காக 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்தே காசு சேர்த்தார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். "அங்க போறதும் நடைதான்" என்றார்.

அண்ணாவின் காசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே போடுவது என்பதைத்தான் மாற்றினேன். கையில் கட்டிப் பார்க்கும் பிரஷர் மெசின் ஒன்று வாங்கினோம். கிரியற்றினினை ஒரு முறை தனியாரிடம் செய்தோம், விடை அன்றைக்கே வேண்டியிருந்ததால். மிச்சம் வான் கூலி, அம்மாவோடு போக நான் எடுக்கும் சம்பளமில்லா லீவு, வெளியில் வாங்கும் குளிசை. கிராமத்து வீடுகளுக்கு ஊழியர்கள் போய்ப் பிரஷரைப் பார்த்து ஆலோசனை சொன்னால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றிலும் சேர்த்துச் செய்த ஆய்வு 2020இல் வந்தது. மேல் பிரஷர் மற்றக் கிராமங்களைவிட 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. எங்கள் வீட்டுக்கு ஊழியர் வரவில்லை. நான் இருக்கிறேன்.

அம்மாவின் பிரஷர் முதல் நாள் 168க்கு 94. கிளினிக் கொப்பி போட்டுக் குளிசை தொடங்கினார்கள், இப்போது 140க்குக் கீழே. சீனி கோட்டருகே நிற்கிறது. கிட்னி வேகம் 54. மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, "நோவுக்கு என்ன குளிசை போடுறனீங்கள், அம்மா?" பார்மசியில் வாங்கிப் போட்டது டைக்ளோஃபெனாக், கிட்னிக்குக் கூடாத நோக் குளிசை. அது அன்றோடு நின்றது. முழங்காலுக்கு இப்போது பரசிற்றமோலும் நல்லெண்ணெயும். இடது கன்னத்தின் உட்பக்கம், வெற்றிலையை அடக்கும் இடத்தில், ஒரு வெள்ளைப் படலம். "விட்டிட்டு ஆறு கிழமையால வாங்கோ, அப்பவும் இருந்தால் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பம்" என்றார் பல் வைத்தியர். நான்காம் கிழமை நடக்கிறது. பாக்குவெட்டி அலுமாரிக்குள். அம்மா கராம்பு சப்புகிறார், எரிச்சலில் இருக்கிறார்.

போன ஞாயிறு அண்ணாவுக்குக் கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினேன். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "அப்ப பொதி வேண்டாம்" என்றார். நான் கேட்டேன்: "அண்ணா, உங்களுக்கு ஐம்பத்தொண்டு. ஒன்ராறியோவில ஐம்பதில இருந்து எழுபத்திநாலு வரைக்கும் இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மலத்தில இரத்தம் பார்க்கிற பெட்டி சும்மா குடுக்கிறாங்களாமே, அது செய்தனீங்களோ?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் அண்ணியின் குரல் கேட்டது: "லாச்சிக்குள்ள கிடக்கு, தங்கச்சி. போன வருசமே வந்தது."